வேளாங்கண்ணிக்குச் சென்ற வழி

திருக்கழுக்குன்றத்தில் பிறந்தவர்களுக்குப் பெருங்கூட்டம் புதிதன்று. குரு கன்னி ராசியில் புகும் காலத்தில், 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை, எங்கள் ஊர்ச் சங்கு தீர்த்தத்தில் புட்கர மேளா நடைபெறும். 2016ஆம் ஆண்டிலும் நடைபெற்றது. சித்திரைத் திருவிழாவின்போது தெருக்கள் நிறைந்துவிடும். மலைமேல் நண்பகலில் இரு கழுகுகள் வந்து உணவு கொள்வதைக் காண நாள்தோறும் வெளியூரார் வந்து கூடிய காலமும் உண்டு. அக்கழுகுகள் இப்போது வருவதில்லை. 17ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்தில் வாணிகம் செய்த ஒல்லாந்தர்கூட இம்மலைக்கு வந்தனர். ஒருகல் மண்டபத்தின் கல்லில் அவர்கள் செதுக்கிய பெயர்களை நீங்கள் இன்றும் காணலாம்.

ஆகவே, கூட்டம் வருவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கூட்டத்தில் ஒருவனாக நான் முதன்முதலில் சென்றது எங்கள் ஊர்த் திருவிழாவுக்கன்று, வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு. 1968ஆம் ஆண்டு அது. எனக்கு அப்போது பத்து வயது. சைவக் குடும்பத்தைச் சேர்ந்த நாங்கள் கத்தோலிக்கரின் திருவிழாவுக்கு ஏன் சென்றோம், எவ்வழியே சென்றோம், அவ்வழிக்கு எத்தகைய வரலாறு உண்டு என்பவற்றையே மாணவர்களாகிய உங்களுக்கு இன்று சொல்ல விழைகிறேன்.

என் தங்கைக்கு அப்போது வயது நான்கு. அதற்கு ஈராண்டுகள் முன்னர் அவளுக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. காய்ச்சல் தணிந்தபோது வலக்கால் துவண்டுபோயிருந்தது. இளம்பிள்ளை வாதம் என்றார் மருத்துவர். அம்மா வேதகிரீசுவரரை வேண்டி மலைப்படிகளில் ஏறி இறங்கினார். எங்கள் தெருவிலிருந்த கத்தோலிக்க ஆசிரியை ஒருவர், அவரை நாங்கள் டீச்சரம்மா என்றே அழைப்போம், “ஒருமுறை வேளாங்கண்ணிக்கு வாருங்களேன், மாதா தாயல்லவா?” என்றார். அப்பா தயங்கினார். பாட்டிதான் முடிவு சொன்னார்: “பிள்ளைக்காகப் போகிற இடத்தில் சாமி பேதம் பார்க்கலாமா? போய்விட்டு வாருங்கள்.” இரு குடும்பங்களும் ஒன்றாகப் புறப்பட்டோம்.

புறப்படுவதற்கு முன் எல்லாரும் வாந்திபேதித் தடுப்பூசி போட்டுக்கொண்டோம். கை வீங்கி இரண்டு நாள் வலித்தது. திருவிழாவுக்குப் போவதற்கு ஊசி எதற்கு என்று அன்று எனக்கு விளங்கவில்லை. வரலாறு படித்த பிறகே விளங்கிற்று. மக்கள் பெருந்திரளாய்க் கூடுமிடத்தில் குடிநீர் கெட்டால் வாந்திபேதி தோன்றும். கூட்டம் கலைந்து ஊர் திரும்பும்போது நோயும் அவர்களுடன் பயணம் செய்யும். 1865இல் மெக்காவிலும் 1867இல் அரித்துவாரக் கும்பமேளாவிலும் இந்நிலை நேர்ந்தது. 1866இல் கான்சுடாண்டிநோபிளில் பல நாட்டு அறிஞர் கூடி இதனை ஆராய்ந்தனர். திருவிழா எத்துணைப் புனிதமானதாயினும், அது இனிது முடிவது நல்ல தண்ணீரையும் நல்ல ஏற்பாட்டையும் பொறுத்தது என்பதை மக்கள் துன்பப்பட்டே கற்றனர். எங்கள் கையில் ஏறிய ஊசி அக்கல்வியின் பயன்.

தகரப் பெட்டி ஒன்று, சமுக்காளச் சுருள் ஒன்று, கூஜா நிறையக் காய்ச்சி ஆற்றிய நீர், புளிச்சோற்று மூட்டை ஆகியவற்றுடன் பேருந்தேறிச் செங்கற்பட்டை அடைந்தோம். அங்கிருந்து மீட்டர் பாதைப் புகைவண்டி. விழுப்புரம், கடலூர், சிதம்பரம் ஆகிய ஊர்களைக் கடந்து, கொள்ளிடப் பாலத்தின்மேல் வண்டி தடதடவென்று சென்றபோது டீச்சரம்மா எங்களை எழுப்பி ஆற்றைக் காட்டினார். மாயவரத்தில் வண்டி மாறித் திருவாரூர் வழியாக நாகப்பட்டினம் சேர்ந்தோம். அங்கிருந்து மீண்டும் பேருந்து.

இந்த இருப்புப் பாதையின் கதையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். தென்னிந்தியப் பெரும் இருப்புப் பாதைக் கம்பெனியார் நாகப்பட்டினத்தைத் தொடக்கமாகக் கொண்டு 1861இல் தஞ்சை வரையிலும், 1862இல் திருச்சிராப்பள்ளி வரையிலும் பாதை அமைத்தனர். அவர்கள் கருதியது துறைமுக வாணிகம். எனினும், அதே வண்டியில் நெல் மூட்டைக்குப் பக்கத்தில் நேர்த்திக்கடன் மூட்டையும் ஏறிற்று. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் பிரான்சு நாட்டிலும் இவ்வாறே நிகழ்ந்தது. லூர்து என்னும் மலையடி ஊரில் 1858இல் பெர்னதெத் என்ற 14 வயதுச் சிறுமி அன்னை மரியாளைக் கண்டதாகக் கூறினாள். 1866இல் அவ்வூருக்கு இருப்புப் பாதை வந்தது. அதன்பின் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் நோயாளிகளும் அவர்தம் குடும்பத்தாரும் வண்டி வண்டியாக வந்து இறங்கினர். வேளாங்கண்ணியைக் ‘கீழை நாட்டு லூர்து’ என்று கூறும் வழக்கம் உண்டு. வழிபாட்டின் ஒற்றுமையை எண்ணியே அவ்வாறு கூறுகின்றனர். வரலாற்று மாணவர் மற்றோர் ஒற்றுமையையும் காணவேண்டும். நடக்க இயலாதவரையும் புகைவண்டி புனிதப் பயணியாக்கியது. துவண்ட காலுடைய என் தங்கை செங்கற்பட்டிலிருந்து நாகப்பட்டினம் சென்றதும் அதனாலன்றோ?

இனி வேளாங்கண்ணியின் வரலாற்றுக்கு வருவோம். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே பத்துக் கிலோமீட்டர் அளவில், கடற்கரையில் உள்ளது அவ்வூர். அதன் பெருமைக்குக் காரணமாக மூன்று நிகழ்ச்சிகளைச் சொல்லுவார்கள். பால் கொண்டு சென்ற சிறுவன் ஒருவன் குளக்கரை ஆலமரத்தடியில் இளைப்பாறியபோது, கையில் குழந்தையேந்திய அன்னை தோன்றித் தன் குழந்தைக்குப் பால் கேட்டாள் என்பது முதலாவது. நடுத்திட்டு என்னுமிடத்தில் மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவனுக்கு அன்னை தோன்ற, அவன் எழுந்து நடந்தான் என்பது இரண்டாவது. மக்காவிலிருந்து கொழும்புக்குச் சென்ற போர்ச்சுகீசியக் கப்பலொன்று புயலில் சிக்க, மாலுமிகள் அன்னையை வேண்டி, செப்டம்பர் 8ஆம் நாள், அன்னையின் பிறந்தநாளன்று, இக்கரையில் உயிருடன் ஒதுங்கினர் என்பது மூன்றாவது. கூரை வேய்ந்த சிறு கோயிலை அவர்கள் கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டினர் என்றும், பின்னொரு பயணத்தில் பீங்கான் தட்டுகளைக் காணிக்கையாகக் கொணர்ந்தனர் என்றும் கூறுவர்.

“இவை உண்மையா, ஐயா?” என்று வகுப்பில் மாணவர் என்னைக் கேட்டதுண்டு. நல்ல கேள்வி. அதற்கு விடை கூறுமுன் வரலாற்றுக்குரிய சான்றுகள் இருவகைப்படும் என்பதை நீங்கள் நினைவிற்கொள்ள வேண்டும். ஏட்டிலும் கல்லிலும் செம்பிலும் எழுதப்பட்டவை ஒருவகை. வாய்மொழியாய் வழிவழி வருபவை மற்றொரு வகை. மேற்கூறிய மூன்று நிகழ்ச்சிகளும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அவற்றை நாள், கிழமை குறித்து நிறுவ வரலாற்றாசிரியனால் இயலாது. மறுப்பதும் அவன் வேலையன்று. ஆயினும், வாய்மொழியும் ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது. அக்கதைகளில் வருவோர் யாவர்? பால்காரச் சிறுவன், மோர் விற்கும் விதவைத் தாயின் மகன், கரை காணாது தவித்த மாலுமிகள். அரசரும் இல்லை, பிரபுக்களும் இல்லை. எளியோரே தங்களைப் பற்றிச் சொல்லி வைத்துக்கொண்ட கதை அது. எளியோர் குடும்பம் குடும்பமாக அங்கே செல்வதன் காரணமும் அதுவே என்று கருதுகிறேன்.

ஏட்டுச் சான்று கூறுவன இவை. நாகப்பட்டினம் 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியரின் வாணிகக் குடியிருப்பாக விளங்கிற்று. 1606இல் மயிலாப்பூர் மறைமாவட்டம் தோன்றியபோது இக்கடற்கரை அதன் எல்லைக்குள் அமைந்தது. 1658இல் ஒல்லாந்தர் நாகப்பட்டினத்தைக் கைப்பற்றினர். அவர்கள் கத்தோலிக்கரல்லர், கத்தோலிக்கத்தை விரும்பியவருமல்லர். எனினும், பட்டினத்துக்கு வெளியே மணல்மேட்டில் இருந்த சிறு கோயிலுக்கு மக்கள் செல்வது நிற்கவில்லை. 1771இல் வேளாங்கண்ணி தனிப் பங்காயிற்று. 1952இல் தஞ்சை மறைமாவட்டம் மயிலாப்பூரினின்றும் பிரிக்கப்பட்டது. 1962இல் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் இக்கோயிலைப் பேராலய நிலைக்கு உயர்த்தினார். நாங்கள் சென்றது அதற்கு ஆறாண்டுகளுக்குப் பின்னர்.

கூட்டத்தைக் கண்டதும் எனக்கு மூச்சு நின்றது போலிருந்தது. ஆகஸ்டு 29இல் கொடியேற்றி, செப்டம்பர் 8இல் நிறைவு செய்யும் விழா அது. நாங்கள் 7ஆம் நாள் காலையில் சேர்ந்தோம். சத்திரங்களிலும் பந்தல்களிலும் இடமில்லை. மணலில் புடவையை நான்கு கழிகளில் கட்டி ஒவ்வொரு குடும்பமும் ஒரு வீடு சமைத்திருந்தது. மூன்று கற்களை வைத்து உலை ஏற்றியிருந்தார்கள். ஒருபுறம் மலையாளம், ஒருபுறம் தெலுங்கு, ஒருபுறம் கொங்கணி. நடுவே தஞ்சைத் தமிழ். கடலில் முழுகி மொட்டையடித்துக் கொண்டவர்கள், தென்னங்கன்று காணிக்கை கொண்டுவந்தவர்கள், தொட்டில் கட்டியவர்கள், மாதா குளத்திலிருந்து முழங்காலாலேயே மணலில் ஊர்ந்து சென்றவர்கள் என எத்தனையோ பேர். பீடத்தில் அன்னை சேலையுடுத்தி நின்றாள். அம்மா அதைக் கண்டதும், “நம் அம்மன் போலவே இருக்கிறாள்” என்றார். என் தங்கையின் உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி வாங்கி ஏற்றினார்.

அன்று இரவு பெரிய தேர் புறப்பட்டது. தேரைக் காணவேண்டுமென்ற ஆவலில் கூட்டம் ஒரே திசையில் நெருக்கிற்று. தங்கை அப்பாவின் தோளில் இருந்தாள். நான் டீச்சரம்மாவின் கையைப் பற்றியிருந்தேன். திடீரென்று அலைபோல் ஒரு தள்ளல். அப்பா கால் இடறி முழங்காலில் விழுந்தார். தங்கை கீழே சரிந்தாள். அம்மா அலறியது தேரோசையில் யாருக்கும் கேட்டிராது. அந்நேரத்தில் பக்கத்தில் நின்ற ஒருவர், கருத்த மேனி, உப்புக் காய்ந்த கைகள், இடுப்பில் மடித்துக் கட்டிய லுங்கி, குனிந்து குழந்தையைத் தூக்கித் தலைக்கு மேலே உயர்த்தினார். முன்னே நின்றவர் வாங்கினார். அவரிடமிருந்து மற்றொருவர் வாங்கினார். எத்தனை கை மாறினாளோ தெரியாது. கோயில் சுவரோரம் இருந்த பெண்களிடம் அவள் போய்ச் சேர்ந்தாள். நாங்கள் முட்டி மோதி அங்கு சென்றபோது, மலையாளத் தாய் ஒருத்தியின் மடியில் அமர்ந்து வாழைப்பழம் தின்று கொண்டிருந்தாள். முதலில் தூக்கியவரைத் தேடினோம். அவர் நாகப்பட்டினத்துக் குப்பமொன்றிலிருந்து வந்த மீனவர் என்பதைத் தவிர வேறொன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை. அவருடைய பெயரை நாங்கள் கேட்கவில்லை.

தங்கையின் கால் நேராயிற்றா என்று நீங்கள் கேட்பீர்கள். நேராகவில்லை. அவள் இன்றும் சற்றுச் சாய்ந்தே நடக்கிறாள். நடந்தே கல்லூரிக்குச் சென்றாள். நடந்தே பேரக் குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்கிறாள். நடவாததை நடந்ததாகச் சொல்வது ஆசிரியனுக்கு அழகன்று. உறவினர் சிலர் அம்மாவிடம், “அவ்வளவு தூரம் போய் என்ன கண்டாய்?” என்று கேட்டதுண்டு. அம்மா சொன்ன விடை ஒன்றுதான்: “முன்பின் தெரியாதவர்கள் என் பிள்ளையைக் கீழே விடவில்லை. அது போதாதா?” அதன் பிறகும் மும்முறை அவர் வேளாங்கண்ணி சென்றுவந்தார்.

அந்தக் கைகளின் வரலாறு அவ்வூரில் தொடங்கியதன்று. நாகப்பட்டினத்தை நோக்குங்கள். முதலாம் இராசராச சோழன் காலத்தில், ஸ்ரீவிசய நாட்டு மன்னன் இங்கே சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியை எடுப்பித்தான். சைவனாகிய இராசராசன் 1006இல் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அப்பள்ளிக்கு அளித்தான். லெய்டன் செப்பேடுகள் இச்செய்தியைக் கூறுகின்றன. சற்று வடக்கே நாகூர். அங்குள்ள சாகுல் அமீது ஆண்டவரின் தர்காவில் வானளாவி நிற்கும் ஐந்து மினார்களுள் உயர்ந்ததைக் கட்டுவித்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிங். இன்னும் வடக்கே தரங்கம்பாடி. 1706இல் சீகன்பால்கு வந்திறங்கிச் சீர்திருத்தக் கிறித்தவத்தைத் தொடங்கிய இடம் அது. மற்றவர் கோயிலுக்குத் தன் பொருளைக் கொடுப்பது இக்கடற்கரையின் பழைய பண்பு. இதற்கு மாறானவையும் நிகழ்ந்துள்ளன என்பதையும் மறைத்தலாகாது. பௌத்த விகாரத்தின் எச்சமாய் நின்ற கோபுரம் 1867இல் இடித்துத் தள்ளப்பட்டது. இடிக்க வேண்டியவர்கள் கத்தோலிக்கத் துறவிகளே, இசைவளித்தது ஆங்கில அரசு. கொடுத்ததும் வரலாறு; இடித்ததும் வரலாறு. எதனைத் தொடர்வது என்பதே பின்வருவோர் முன் நிற்கும் வினா.

அவ்வினாவுக்கு விடை கூறவேண்டிய ஒரு நாள் வந்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறித்து பிறப்பு விழாவுக்கு மறுநாள். வேளாங்கண்ணியில் குடும்பம் குடும்பமாகப் பயணிகள் நிறைந்திருந்தனர். காலை வழிபாடு முடிந்து பலர் கடற்கரையில் உலவினர்; பிள்ளைகள் அலையில் விளையாடினர். சுமத்ராவுக்கு அருகில் கடலடியில் எழுந்த நிலநடுக்கத்தால் ஆழிப்பேரலை வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் முதலிய மீனவர் ஊர்கள் சூறையாடப்பட்டன. வேளாங்கண்ணிக்கு விருந்தினராய் வந்து, ஊர் பேர் தெரியாமல் புதைக்கப்பட்டவர்களும் பலர். எங்கள் கரையும் தப்பவில்லை. கல்பாக்கத்திலும் புதுப்பட்டினத்திலும் உயிர்கள் போயின.

அன்று நாகூர் தர்கா எல்லாச் சமயத்தவருக்கும் அடைக்கலம் தந்தது. இறந்தோரை அடக்கம் செய்ய இடமும் தந்தது. கோயில்களும் பள்ளிக்கூடங்களும் திருமண மண்டபங்களும் திறந்துவிடப்பட்டன. இன்னார் என்று கேட்டு யாரும் சோறிடவில்லை. செய்தியைக் கேட்டபோது அம்மா முதலில் நினைத்தது அந்த மீனவரைத்தான். “அவர் இருந்தால் எழுபது வயதிருக்குமே, என்ன ஆனாரோ?” என்றார். அறிய வழியில்லை, பெயர் கேட்டிருந்தால் தேடியிருக்கலாம். பெயர் கேட்காமல் வந்தது எங்கள் குடும்பத்தின் தீராக் குறையாக நின்றுவிட்டது.

2010இல் நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணிக்கே இருப்புப் பாதை வந்துவிட்டது. இருந்தும், நடந்து செல்வோர் குறைந்தபாடில்லை. ஒவ்வோர் ஆகஸ்டு மாதத்திலும் காவியுடை உடுத்தி, சிறு தேர் ஒன்றைத் தள்ளிக்கொண்டு, சென்னையிலிருந்து கடற்கரைச் சாலை வழியே குடும்பங்கள் செல்வதைக் காண்கிறேன். 1808இல் தெமாந்தி என்னும் வணிகர் கட்டிய கோவளத்து மாதா கோயிலைத் தொழுது, மாமல்லபுரத்தையும் சதுரங்கப்பட்டினத்தையும் கடந்து, வாயலூரில் பாலாற்றைத் தாண்டி, மரக்காணம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகூர் வழியாக அவர்கள் போகிறார்கள். எங்கள் பகுதியிலிருந்து மட்டும் ஏறத்தாழ 250 கிலோமீட்டர். நாளொன்றுக்கு 25 கிலோமீட்டர் நடந்தாலும் பத்து நாள் ஆகும். அவ்வழியிலுள்ள நடராசர் கோயிலையும் தர்காவையும் கடந்தே மாதா கோயிலை அடையவேண்டும். வழிநெடுக மோரும் சோறும் தருபவர்களில் எல்லாச் சமயத்தவரும் உளர்.

அவர்கள் நடப்பது விரைந்தோடும் வாகனங்களுக்கு நடுவே. விடியற்காலை இருளில் நடந்து சென்ற பயணிகள் வண்டி மோதி உயிரிழந்த செய்திகளை நாளேடுகளில் படித்து வருந்துகிறோம். முற்காலத்தில் வாந்திபேதி, இக்காலத்தில் வாகனம். நோயை ஊசியாலும் தூய நீராலும் வென்ற சமுதாயம், இதனையும் வெல்ல வேண்டாவா? நடப்போர் ஒளி பட்டால் மின்னும் பட்டை அணிதல், அவர்களுக்கெனச் சாலையோரம் ஒதுக்குதல், ஓட்டுவோர் வேகம் தணித்தல் ஆகியவை பெருஞ்செலவு பிடிக்கும் செயல்களல்ல.

மாணவச் செல்வங்களே! வரலாறு என்றதும் அரசரின் ஆண்டுகளையும் போர்க்களங்களையும் நெட்டுருச் செய்கிறீர்கள். அவையும் வேண்டும். அவற்றோடு உங்கள் வீட்டிலுள்ள தாத்தாவையும் பாட்டியையும் அணுகி, அவர்கள் எந்தத் திருவிழாவுக்கு எவ்வழியே சென்றார்கள், எங்கே தங்கினார்கள், யார் சோறிட்டார்கள் என்று கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். உதவியவர்களின் பெயரை மறவாமல் கேட்டு எழுதுங்கள். வரும் ஆகஸ்டில் காவியுடைப் பயணிகள் உங்கள் ஊர் வழியே வந்தால், ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்து அவர்கள் ஊரையும் பேரையும் கேளுங்கள். 1968இல் நாங்கள் செய்யத் தவறியதை நீங்களாவது செய்யுங்கள்.